கொங்கு நாட்டு உடன்பிறந்தார் இருவரும் மாணவர் தேர்தலும்

பல்கலைக்கழகத் தேர்தலில் வென்றார் வரலாற்றை எழுதுவோர் பலர். அத்தேர்தலில் நிற்றற்கே உரிமை பெறாதார் வரலாற்றை எழுதுவோர் சிலரே. இவ்விரு நிலையும் ஒரு குடும்பத்துள்ளேயே அமைந்தமைக்குக் கொங்கு நாட்டில் ஒரு சான்று உண்டு. திருச்செங்கோட்டை அடுத்துள்ள குமாரமங்கலம் அக்குடும்பத்தாரின் ஊர்.

குமாரமங்கலம் நிலக்கிழார் ப. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கியவர். அவர்தம் மைந்தர் மோகன் குமாரமங்கலம் 1916-இல் பிறந்தவர். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்துக் கிங்சு கல்லூரியில் பயின்றவர். 1938-இல் அப்பல்கலைக்கழகத்து மாணவர் சங்கமாகிய யூனியனின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1815-இல் தோன்றிய அச்சங்கம் சொற்போர் மன்றமே. மாணாக்கர்தம் குறைகளை ஆட்சியாளர்க்கு எடுத்துரைக்கும் பேரவை அன்று. ஆயினும் அதன் தலைமை உறுப்பினர்தம் வாக்கினாலேயே எய்தற்குரியது. பதவிக்காலமோ ஒரு பருவமே. ஆகலின் ஆண்டிற்கு மும்முறை தலைவர் மாறுவர். அடிமை நாட்டினின்றும் சென்ற இளைஞர் ஒருவரை ஆளும் நாட்டு மாணாக்கர் தம் அவைக்குத் தலைவராக்கினர் என்பது சிறிய செய்தியன்று. 1934-இல் ஆக்சுபோர்டு யூனியனில் டி. எப். கரக்கா என்னும் இந்தியர் இச்சிறப்பினை எய்தியிருந்தார்.

இத்துணை விரிந்த மனம் படைத்த அவைகள் இரண்டும் மகளிர்க்கு உறுப்புரிமை வழங்கவில்லை. மோகனின் தங்கையார் பார்வதி 1919-இல் பிறந்து, ஆக்சுபோர்டில் பயின்றார். தமையனாரினும் நாவன்மையில் அவர் குறைந்தவரல்லர், எனினும் அங்கு வேட்பாளராதல் இயலாது, வாக்களித்தலும் இயலாது. இருவர்தம் அன்னையாராகிய இராதாபாய், 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்திய மகளிர் சார்பில் அமர்ந்தவர். மகனார் தலைமை எய்திய அதே 1938-இல் மத்தியச் சட்டமன்ற மேலவையின் முதற்பெண் உறுப்பினரானவர். நாடாளத் தகுதியுடையார் எனப்பட்ட மகளிர், மாணவர் மன்றத்திற்குத் தகார் எனப்பட்டமை வியப்பிற்குரியதே! இரு யூனியன்களும் மகளிரை உறுப்பினராக ஏற்றது 1963-இல். அதன்பின்னரே கேம்பிரிட்சில் ஆன் மல்லல்யூ 1967-இலும், ஆக்சுபோர்டில் செரால்டின் சோன்சு 1968-இலும் முதற்பெண் தலைவராயினர்.

இற்றைநாளில் தாராபுரத்தினின்றும் கோவைக்குச் சென்று பயிலும் மாணவி ஒருவர், தேர்தல் நடத்தும் கல்லூரியில் நிற்க எண்ணின், அவர் நோக்க வேண்டுவன வேறு. 2006-இல் உச்சநீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழுவின் விதிகள் வயது வரம்பு, நூற்றுக்கு 75 வருகை, தேர்வில் நிலுவையின்மை, வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மிகாமை ஆகியவற்றை வற்புறுத்துகின்றன. பாலினம் பற்றிய தடை அவற்றுள் இல்லை.

மாணவப் பருவத்தில் தமக்கு மறுக்கப்பட்டதனைப் பார்வதி கிருஷ்ணன் தம் நாட்டு மக்களிடமே பெற்றார். 1957-இல் கோவைத் தொகுதியில் பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் நின்று மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1973 மே 31 அன்று தில்லிக்கு அருகில் விமானம் வீழ்ந்தது. நடுவண் அமைச்சராயிருந்த மோகனும், கோவை மக்களவை உறுப்பினர் கே. பாலதண்டாயுதமும் அதன்கண் மாண்டனர். அதனால் வெற்றிடமான கோவையில் 1974-இல் நிகழ்ந்த இடைத்தேர்தலில் நின்று வென்றவர் பார்வதியே. 1977-இலும் அத்தொகுதி அவரையே தேர்ந்தது.