ஒரே நாளில் 5,88,107 பாலிசி: காப்பீட்டு முகவர்களின் போட்டியில் உங்கள் இடம் எது?

"மக்கா, ஒரே ஒரு பாலிசி போடுடே. டார்கெட்டுக்கு ஒண்ணுதான் குறையுது. முதல் தவணைய நானே கட்டிக்கிறேன்."

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தால், கூடப் படித்த யாராவது ஒருவரிடமிருந்து உங்களுக்கும் இப்படி ஒரு போன் வந்திருக்கும். அந்த அவசரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு போட்டி இருக்கும். டிவி ரியாலிட்டி ஷோ போலவே இதிலும் கெடு, தரவரிசை, மேடை, பரிசு எல்லாம் உண்டு.

இந்தப் போட்டிகளில் பெரியது 2025 ஜனவரி 20 அன்று நடந்தது. அன்று ஒவ்வொரு முகவரும் ஒரு பாலிசியாவது முடிக்க வேண்டும் என்று எல்.ஐ.சி.யின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி சித்தார்த்த மொஹந்தி கேட்டுக்கொண்டார். 'மேட் மில்லியன் டே' என்று அந்த நாளுக்குப் பெயர். 24 மணி நேரத்தில் 4,52,839 முகவர்கள் 5,88,107 பாலிசிகளை முடித்தார்கள், கின்னஸ் சாதனையும் ஆனது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 408 பாலிசி. எல்.ஐ.சி.க்கு இருக்கும் முகவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அதில் மூன்றில் ஒரு பங்குகூட அன்று களத்தில் இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு ஓட்டம்?

முகவருக்குச் சம்பளம் கிடையாது, கமிஷன்தான். அதிலும் முதல் ஆண்டு பிரீமியத்தில் கிடைக்கும் பங்குதான் பெரியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அது சிறுத்துவிடும். இதற்கு மேல் கௌரவமும் இருக்கிறது. எல்.ஐ.சி.க்குள் கிளை மேலாளர் கிளப்பில் தொடங்கி சேர்மன் கிளப், கார்ப்பரேட் கிளப் வரை படிகள் உண்டு. உலக அளவில் 1927-ல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் தொடங்கிய எம்.டி.ஆர்.டி. இருக்கிறது. விசிட்டிங் கார்டில் அந்த நான்கு எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள். அதை ஒரு பரீட்சை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அந்த ஆண்டின் கமிஷன், பிரீமியம் அல்லது வருமானத்தை வைத்துக் கிடைக்கும் தகுதி.

விற்ற பாலிசி நிலைக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. அதற்குத் துறையில் ஓர் அளவுகோல் உண்டு: 13-வது மாத பெர்சிஸ்டென்சி. அதாவது, ஓராண்டு முடிந்த பிறகும் எத்தனை பாலிசிகளுக்குப் பணம் கட்டப்படுகிறது என்ற கணக்கு. ஒரு நாள் சாதனையில் இதற்கு இடமில்லை. 2024 டிசம்பர் 9-ல் பானிபட்டில் தொடங்கிய பெண்களுக்கான 'பீமா சகி' திட்டம் இந்த விஷயத்தில் தேவலை. ஆண்டுக்கு 24 பாலிசி முடித்தால் முதல் ஆண்டு மாதம் 7,000 ரூபாய் உதவித்தொகை. ஆனால் இரண்டாம் ஆண்டு 6,000 ரூபாய் தொடர வேண்டுமானால், முதல் ஆண்டில் போட்ட பாலிசிகளில் 65 சதவீதமாவது உயிரோடு இருக்க வேண்டும்.

'முதல் தவணை நான் கட்டுறேன்' சரியா?

சரியில்லை. காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவு இதைத் தடை செய்கிறது. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். வாங்கிக்கொள்பவருக்கும் தடை பொருந்தும், அதனால் நண்பர்தானே என்று தலையாட்டிவிடாதீர்கள். இரண்டாவது தவணையிலிருந்து கட்டப்போவதும் நீங்கள்தான். ஓராண்டு பிரீமியத்தை முழுதாகக் கட்டாமல் நிறுத்தினால் சரண்டர் மதிப்பாக ஒன்றும் தேறாது.

நட்புக்காகக் கையெழுத்துப் போட்டாச்சா? பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் இருக்கிறது. படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனை, முத்திரைக் கட்டணம், அதுவரையிலான பாதுகாப்புக்கான சிறு தொகை ஆகியவை போக மீதி திரும்ப வரும். நண்பர் வருத்தப்படுவார்தான். ஆனால் 20 வருடம் தவணை கட்டும் வருத்தம் உங்களுடையது.

பனச்சமூட்டில் இருந்தால் எங்கே புகார் செய்வது?

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், அடுத்தது காப்பீட்டு குறைதீர்ப்பாளர். செலவில்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம்.

எல்லைக்காரர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. எல்.ஐ.சி. பிறந்தது 1956 செப்டம்பர் 1-ல். சரியாக இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 1-ல், கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, பனச்சமூட்டுக்கு நடுவே மாநில எல்லை வந்தது. ஒரே கடைத்தெருவில் வெள்ளறடைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொச்சி குறைதீர்ப்பாளர், விளவங்கோடு பக்கத்து வீட்டுக்காரருக்குச் சென்னை. ஆனால் விதி நீங்கள் குடியிருக்கும் இடத்தை மட்டும் பார்ப்பதில்லை, பாலிசி தந்த கிளை இருக்கும் இடத்தையும் ஏற்கிறது. வீடு தமிழ்நாட்டில், கிளை நெய்யாற்றின்கரையில் என்றால், இரண்டில் எந்த அலுவலகத்துக்குப் போவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.