ஒட்டகத்தின்மேல் ஒரு பாணன்

யப்பானின் நாரா நகரத்துச் சோசோயின் களஞ்சியத்தில், ஐந்து நரம்புகள் கொண்ட ‘பீவா’ என்னும் இசைக்கருவி ஒன்றுண்டு. கி. பி. 756இல் ஷோமு மன்னன் மாண்டபின் அரசி கோம்யோ தோதாய்ஜி ஆலயத்துக்கு ஈந்த உடைமைகளுள் அதுவும் ஒன்று. ஒட்டகத்தின்மேல் அமர்ந்து பீவா மீட்டும் ஒருவனை, ஆமையோட்டில் சிப்பி இழைத்து அதிலே பொறித்திருக்கின்றனர். ஒட்டகம் யப்பானுக்குரிய விலங்கன்று. கருவி வந்த வழியைக் கைவினைஞன் மறக்கவில்லை!

இதனை அரசவை இசை என்கின்றோம். அவைக்குக் கொணர்ந்தோர் யாவர்? 568இல் துருக்கிய இளவரசியொருத்தி வட சோ மன்னனை மணக்கச் சீனம் சென்றாள். மத்திய ஆசியாவின் கூச்சா, புகாரா, சமர்க்கந்து இசைவாணரும் உடன்சென்றனர். சீதனப் பொருள்களோடு பொருள்களாக என்றே சொல்லவேண்டும். அவர்களுள் கூச்சாவின் சுஜீவன் கற்பித்த ஏழு பண்களின் பெயர்களைச் சீன ஏடுகள் குறித்துள்ளன. அவற்றுட் பஞ்சமம், கைசிகம் என அறிஞர் இனங்கண்டவற்றைப் புதுக்கோட்டைக் குடுமியான்மலை இசைக் கல்வெட்டிலும் காண்கின்றோம். சுஜீவனுக்குப் பெயராவது எஞ்சிற்று. உடன்சென்றோர் பலருக்கு அதுவுமில்லை.