வட்டுக்கோட்டைச் செமினரியின் வளாகமும் வசதிகளும்: தமிழியல் வரலாற்று நோக்கு

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழியல் வரலாற்றில் யாழ்ப்பாணத்தின் பங்கு விரிவாகப் பேசப்பெற்றுள்ளது. சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை முதலியோரின் பணிகளைக் குறிக்கும் நூல்கள், இவர்கள் வட்டுக்கோட்டையில் கற்றவர்கள் என்பதை ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுகின்றன. அந்த இடம் எத்தகையது, அங்கு எவை இருந்தன, எவை மறுக்கப்பெற்றன என்னும் வினாக்கள் போதிய அளவில் எழுப்பப்பெறவில்லை. ஒரு கல்லூரியின் வளாகமும் அதன் வசதிகளும் அங்கு உருவாகும் புலமையின் தன்மையைத் தீர்மானிக்க வல்லவை. அவற்றை அமைத்தோரின் நோக்கமும் பயன்கொண்டோரின் நோக்கமும் வேறுபடுமிடத்து, அந்நிறுவனத்தை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடமும் கட்டடமும்

அமெரிக்க இலங்கை மிஷனைச் சார்ந்தோர் 1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். போர்த்துக்கேயர் காலத்தில் தோன்றி ஒல்லாந்தர் காலத்திலும் பயன்பட்டுப் பின்னர்ச் சிதைந்து கிடந்த பழைய தேவாலயங்களும் அவற்றையடுத்த மனைகளும் பிரித்தானிய அரசால் அவர்களுக்கு அளிக்கப்பெற்றன. அவர்கள் அவற்றைப் பழுதுபார்த்துப் பயன்கொண்டனர். வட்டுக்கோட்டைத் தேவாலயத்தை ஒட்டிய வளவிலேயே 1823இல் டானியல் பூர் தலைமையில் செமினரி தொடங்கப்பெற்றது. ஆகவே, வளாகத்தின் அடிப்படை மூன்று ஐரோப்பிய ஆட்சிகளின் எச்சங்கள்மீது அமைந்தது எனலாம்.

மாணவர் உறையுள், உணவுக்கூடம், வகுப்பறைகள், நூலகம், அறிவியல் கருவிகள் ஆகியன படிப்படியாகச் சேர்ந்தன. பொது மண்டபம் ‘ஒட்லி மண்டபம்’ எனப் பெயர்பெற்றது. இலங்கையின் தலைமை நீதியரசராக விளங்கிய சர் ரிச்சர்டு ஒட்லி இம்முயற்சிக்கு ஆதரவளித்தவர். இலங்கையின் குடியேற்றச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட் 1850இல் வெளியிட்ட நூலில் இந்நிறுவனத்தை வியந்து பாராட்டி, இதன் கல்வித் தரம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடத்தக்கது என்னும் கருத்தைப் பதிவுசெய்தார்.

வளாகத்தின் பெயர் மண்டபத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒரு மாணவரின் பராமரிப்புக்குப் பொருளுதவி செய்தோர், அம்மாணவருக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் வழக்கம் இருந்தது. கறோல், நெவின்ஸ், ஆர்னல்ட், ஹென்றி மார்ட்டின் முதலிய பெயர்கள் தமிழ்ப் புலவர் பெயர்களோடு இணைந்து வழங்கியதன் பின்னணி இதுவே. நிறுவனத்தின் பொருளாதாரம் மாணவர் பெயரிலேயே பொறிக்கப்பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

உணவு பற்றிய சிக்கலும் இவண் கருதத்தக்கது. மிஷன் தொடக்கத்தில் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் உயர்சாதிச் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் மிஷன் வளவினுள் உண்ண மறுத்தனர். அதனால் அயலிலிருந்த சைவர் நிலத்தில் சமையற்கூடம் அமைக்க நேர்ந்தது. கல்வியை ஏற்ற சமூகம், அதனை வழங்கியோரின் வாழ்முறையை அவ்வாறே ஏற்கவில்லை என்பதற்கு இச்சமையற்கூடம் சான்றாகிறது.

மறுக்கப்பெற்றவை

ஒரு வளாகத்தில் இல்லாதவையும் அதன் வரலாற்றைக் கூறும். 1823இல் வெளியிடப்பெற்ற திட்ட அறிக்கை, தமிழ் இளைஞர்க்கும் பிறர்க்கும் இலக்கியமும் அறிவியலும் கற்பிக்கும் ஒரு ‘கல்லூரி’யையே முன்மொழிந்தது. தமிழ், ஆங்கிலம், வடமொழி, கணிதம், வானியல், இயற்கைத் தத்துவம் ஆகியன அதில் இடம்பெற்றன. ஆனால், கல்லூரிக்குரிய சாசனத்தை இலங்கை அரசு வழங்கவில்லை. எனவே ‘செமினரி’ என்னும் பெயரோடு அமைய வேண்டியதாயிற்று.

அச்சு வசதியும் இவ்வாறே தடைப்பட்டது. 1820இல் அமெரிக்காவிலிருந்து வந்த அச்சாளர் ஜேம்ஸ் காரெட் தீவில் தங்க அரசு அனுமதிக்கவில்லை. 1834இல்தான் மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் அச்சகம் இயங்கத் தொடங்கியது. 1841இல் ‘உதயதாரகை’ இதழ் வெளிவந்தது. செமினரியில் கற்ற ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் அதன் ஆசிரியர்களாயினர். வளவுக்குள் உருவான கல்வி, வெளியே அச்சு வழியாகப் பொதுமக்களை அடைந்தது இக்கட்டத்தில்தான்.

வானியலும் தமிழ் நூலாக்கமும்

செமினரியின் வசதிகளுள் வானியல் கருவிகள் தனித்துக் கூறத்தக்கவை. 1829 மார்ச்சு மாதம் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை முன்னிட்டு, அயலூரான அராலியின் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்புக்கும் டானியல் பூரின் கணிப்புக்கும் வேறுபாடு எழுந்தது. பூரின் கணிப்பே நிகழ்வோடு பொருந்தியது. மிஷனரிகள் இதனைச் சமயப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தினர். எனினும், கதை அவ்வளவில் முடியவில்லை. 1836 முதல் 1849 வரை செமினரியை நடத்திய ஹொய்சிங்டன், தமிழர் கணித முறையையே ஆழ்ந்து பயின்று 1848இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். சிவஞானபோதத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். எதிர்த்து வெல்லக் கருதிய மரபைக் கற்க வேண்டிய நிலைக்கு ஆசிரியரே வந்தமை இங்குப் புலனாகிறது.

மாணவர் தரப்பிலும் இத்தகைய ஆக்கம் நிகழ்ந்தது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தருக்க நூலாக ‘நியாய இலக்கணம்’ இயற்றினார். கறோல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ எழுதினார். வகுப்பறையில் ஆங்கிலத்தில் கற்ற துறைகளைத் தமிழ் உரைநடைக்குக் கொணர்ந்த தொடக்க முயற்சிகள் இவை. கலைச்சொல்லாக்க வரலாற்றில் இவற்றின் இடம் தனியே ஆராயத்தக்கது.

மூடலும் தொடர்ச்சியும்

அமெரிக்க மிஷன் வாரியத்தின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த குழு, ஆங்கிலக் கல்வி அரசுப் பணியாளரையே மிகுதியாக உருவாக்கியது, சமய ஊழியரை உருவாக்கும் நோக்கம் நிறைவேறவில்லை என்று முடிவுசெய்தது. 1855இல் செமினரி மூடப்பெற்றது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே டானியல் பூரும் மானிப்பாயில் மறைந்தார்.

இரண்டே ஆண்டுகளில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் செமினரியில் கற்ற விசுவநாதபிள்ளையும் தாமோதரம்பிள்ளையும் ஆவர். தாமோதரம்பிள்ளை கோழிக்கோட்டில் ஆசிரியப் பணியாற்றியவர் என்பது கேரளத் தமிழ் ஆய்வாளர்க்கு நினைவூட்டத்தக்கது. தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையம் (1868), வீரசோழியம் (1881), கலித்தொகை (1887) ஆகிய அவர்தம் பதிப்புகள் சைவராக மீண்ட ஒருவரின் உழைப்பில் விளைந்தவை. சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல் வெளிவந்தது. நிறுவனத்தார் தோல்வி எனக் கருதிய ஒன்று தமிழுக்கு ஈட்டித் தந்த பயன் இது.

யாழ்ப்பாணத்தாரின் வேட்கையால் 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அதன் பட்டப்படிப்புப் பிரிவுக் கட்டடங்களில்தான், 1974இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழக யாழ்ப்பாண வளாகத்தின் அறிவியல் பீடம் முதலில் இயங்கியது. 1823இல் மறுக்கப்பெற்ற உயர்கல்வித் தகுதி, ஒன்றரை நூற்றாண்டு கழித்து அவ்விடத்தை அரசின் வழியாகவே அடைந்தது. தமிழகத்திலும் இதன் தடம் உண்டு. பூர் 1836 முதல் 1841 வரை மதுரையில் பணியாற்றினார். மதுரை அமெரிக்கன் கல்லூரி நூலகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

முடிவுரை

வட்டுக்கோட்டைச் செமினரியை அதன் நிறுவுநர் வகுத்த நோக்கத்தைக் கொண்டு அளந்தால் 1855ஆம் ஆண்டின் முடிவு சரியெனத் தோன்றும். அங்குக் கற்றோர் நூலகத்தையும் கருவிகளையும் மொழிப்பயிற்சியையும் எதற்குப் பயன்படுத்தினர் என்று நோக்கின் அம்முடிவு பிழையெனத் தெளியும். சமூகம் தனக்கு வேண்டாததைச் சமையற்கூடத்தோடு வெளியே நிறுத்தியது. வேண்டியதை வகுப்பறையிலிருந்து எடுத்துக்கொண்டது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றை ஆளுமைகளின் வரலாறாக மட்டும் எழுதாமல், அவர்கள் பயின்ற வளாகங்களின் வரலாற்றோடும் இணைத்து எழுதுதல் வேண்டும். மிஷன் கல்லூரிகள் பிறவற்றின் கட்டடப் பதிவுகளும் நூற்பட்டியல்களும் இந்நோக்கில் ஆராயப்பெறுமாயின், தமிழியல் வரலாற்றின் இடைவெளிகள் பல நிரம்பும்.