செம்மையும் குரலும்: ஊவாத் தோட்ட எழுத்தும் பதிப்பாசிரியர் பேனாவும்

பதுளை நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதையில், பதுளைக்கு முந்திய நிலையம் ஹாலிஎல. இலக்கண நூலை முன்வைத்து இவ்வூர்ப் பெயரைத் திருத்தப் புகுவார் இரண்டு குற்றங்களைக் காண்பர். முதலெழுத்துக் கிரந்தம், சொல்லின் இடையே உயிரெழுத்துத் தனித்து நிற்கிறது. விதிப்படி அது ‘ஆலியெல’ என்றாதல் வேண்டும். ஆயின் அவ்வாறு எழுதினால் அவ்வூராரே அதனைத் தம்மூர் என அடையாளங் காணார். சிங்களத்தில் நீரோடையைக் குறிக்கும் ‘எல’ என்னும் ஈறு மறைந்துபோதலும் உண்டு. ஊர்ப் பெயருக்கே இவ்விடர்ப்பாடு உண்டெனில், அங்குப் பிறந்த எழுத்தாளனின் வாக்கியங்களுக்கு நேர்வது யாது என்பதே இங்கு நாம் நோக்கும் வினா.

ஹாலிஎலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டு பிறந்தவர் தெளிவத்தை ஜோசப் (மறைவு 2022). ‘காலங்கள் சாவதில்லை’ (1974), ‘நாமிருக்கும் நாடே’ (1979) ஆகிய நூல்களால் அறியப்பட்ட அவர், தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் தாங்கினார். அவர் எழுதத் தொடங்கிய காலம் ஈழத்து இலக்கிய உலகில் மொழி பற்றிய பூசல் மூண்டிருந்த காலம். 1960களின் தொடக்கத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தில், பேச்சு வழக்கைப் படைப்பிற் கையாளுதல் ‘இழிசனர் வழக்கு’ எனப் பழிக்கப்பட்டது. முற்போக்கு அணியினர் அதனை எதிர்த்து நின்றமை யாவரும் அறிந்ததே, விரித்தல் வேண்டா.

எனினும் ஒரு சொல்லைப் பொறுமையுடன் ஆராய்தல் பயன் தரும். தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஒரு நாள் வேலையையும் அதற்குரிய சம்பளத்தையும் குறிக்கும். காலைப் பிரட்டில் வேலைக்கு அனுப்பப்பட்டவர், குறித்த அளவு கொழுந்து பறிக்கத் தவறின் ‘அரைப்பேர்’ பெறுவர். பொதுத் தமிழை விரும்பும் பதிப்பாசிரியர் இதனைப் ‘பாதிச் சம்பளம்’ எனத் திருத்தக்கூடும். பொருள் ஓரளவு நிற்கும், வரலாறு உதிர்ந்துவிடும். ஏட்டில் மனிதனின் பெயரே அரையாகக் குறைகிறது என்னும் உணர்வு அத்திருத்தத்தில் இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாட்டின் ஏட்டிலும் பேரிழந்த மக்களிடையே இச்சொல் கொண்ட கனத்தை எந்த அகராதி தரும்? ‘காம்பிரா’வும் இத்தகையதே. அதனை ‘அறை’ என்றால், வீட்டின் பல அறைகளுள் ஒன்றென வாசகர் கொள்வர். லயத்துக் காம்பிராவோ ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி; ஒரு குடும்பத்துக்கு அதுவே வீடு.

இதனாற் பதிப்பாசிரியரே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அச்சுப்பிழை குரலாகாது. ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் ‘வந்திருச்சு’ என்றும் மறுபக்கத்தில் ‘வந்துவிட்டது’ என்றும் காரணமின்றிப் பேசின், அதனைச் சுட்டுதல் அவர் கடன். தோட்டப் பேச்சும் ஒருமுகப்பட்டதன்று. திருச்சி, சேலம், மதுரை எனப் பல மாவட்டங்களிலிருந்து வந்தோரின் வழக்குகள் அதிற் கலந்துள்ளன. ஆகவே ‘மலையகத் தமிழ்’ என ஒரே அச்சை வார்த்து, எல்லாப் பாத்திரங்களையும் அதற்குள் ஊற்றுதலும் வன்முறையே. இவ்விடயத்தில் நம் அணியினரும் குற்றமற்றவர் அல்லர். மண்வாசனை என்ற பெயரில் கொச்சையை மிகுவித்தலும், அழுதுகொண்டிருக்கும் தொழிலாளியை முடிவிற் கொடியேந்தச் செய்தலும் திருத்தங்களே. பண்டிதர் இலக்கணத்தைத் திணித்தார். நாம் கருத்தைத் திணித்தோம்.

சி. வி. வேலுப்பிள்ளையின் நிலை இன்னும் சிக்கலானது. தேயிலைத் தோட்டம் பற்றிய அவருடைய ஆங்கிலக் கவிதை, சக்தீ அ. பாலையாவின் கைவழியே தமிழானது. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் வெளிவந்தது. பாடியவர் வாயில் நின்ற ஒலியைத் தாளில் இறக்கும்போதே ஒரு செம்மையாக்கம் நிகழ்ந்துவிடுகிறது. குறில், நெடில் அளவை முடிவு செய்பவர் பாடியவரல்லர், எழுதுபவரே.

பின்னாளில் தெளிவத்தை ஜோசப் தாமே தொகுப்பாசிரியராகி, ‘மலையகச் சிறுகதைகள்’ (1997) என்னும் தொகுதியை வெளிக்கொணர்ந்தார். பழைய பத்திரிகைப் பக்கங்களிலிருந்து கதைகளை மீட்போர் எவருக்கும் ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அச்சில் உள்ள வடிவம் ஆசிரியருடையதா, துணையாசிரியருடையதா, அச்சுக்கோப்பாளருடையதா? கையெழுத்துப் பிரதி பேணப்படாதவிடத்து இதற்கு விடை காணல் அரிது. ஆதலால் மறுபதிப்புச் செய்வோர் முதலச்சின் சொல்லை மாற்றாது விடுதலும், மாற்றிய இடத்தை அடிக்குறிப்பிற் காட்டுதலும் வேண்டும். ‘அரைப்பேர்’ விளங்காத வாசகருக்குப் பின்னிணைப்பில் ஒரு வரி போதும்.