கிழங்குச் சட்டியில் நம்ம மலையின் கதை

மலருக்கு நம்ம மலை உணவின் வரலாற்றை எழுதச் சொன்னார்கள். எனக்குக் கைவந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு கிலோ கிழங்கை வேகவைத்து, தோலுரித்து மசிக்கணும். கால் கிலோ வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, பொடியாக நறுக்கிய அன்னாசி ஒரு டம்ளர் போட்டு, தண்ணி வற்றுகிறவரை கொதிக்க விடணும். முதல் தடவை நான் பழத்தைப் பச்சையாகவே கலந்துட்டேன், எல்லாம் கூழாகிப் போச்சு. பாகோடு கிழங்கு, வறுத்து உடைத்த நிலக்கடலை, முந்திரி, ஏலக்காய் சேர்த்து, நெய் தடவிய சட்டியில் பரப்பி மூடி, மூடி மேலே கொஞ்சம் தணல் போட்டு, சின்னத் தீயில் அரை மணி நேரம் வைக்கணும். மேலே செவந்து வரும்.

இது நம்ம முப்பாட்டன் காலத்துப் பலகாரம் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன். படிக்கிற என் மகள்தான் திருத்தினாள். சர்க்கரைவள்ளி, அன்னாசி, நிலக்கடலை, முந்திரி நான்குமே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. சுமார் 500 வருசத்துக்கு முன் போர்த்துக்கீசியர் கப்பலில் வரத் தொடங்கிய பிறகே நம் நாட்டில் பரவின.

ஆனால் 'வள்ளி' என்ற பேர் பழசு. புறநானூறு 109-ஆம் பாட்டில் கபிலர், பாரியின் பறம்பு மலையில் உழாமலே கிடைப்பவை என்று மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் நான்கையும் சொல்கிறார். அது காட்டுக் கொடியின் கிழங்கு. வந்த கிழங்குக்கும் அந்தப் பேரையே வைத்து, வீட்டுப் பிள்ளையாக்கிக்கொண்டார்கள்.

மரவள்ளியும் அப்படி வந்ததுதான். 1940-களில், உலகப்போர் நேரத்தில், வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் பிறந்தது. பிற்பாடு நம்ம கொல்லிமலைக் காட்டுக்கும் மரவள்ளி ஏறியது. கையில் காசு வந்தது, பிள்ளைகள் படித்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாமை, தினைக் காடுகள் சுருங்கின.

அதற்கு இன்னொரு காரணம் நமக்குத்தான் தெரியும். சாமையை உரலில் குத்தித் தவிடு நீக்குவது யார்? நாமதான். எங்க அம்மா கை காய்த்துப் போனது அதில்தான். ரேஷன் அரிசி வந்ததும் உலக்கையை ஓரம் வைத்தார். ஒரு வருசம் மரவள்ளிக்கு விலை இல்லை. சாமை விதைக்கலாம் என்று அம்மாவின் விதைப் பானையைத் திறந்தால், அடியில் தூசிதான் இருந்தது. பக்கத்து ஊரில் இன்னும் சாமைச் சோறு ஆக்குகிற ஒரு பாட்டியிடம் ஒரு படி கடன் வாங்கினோம்.

அன்றைக்குப் புரிந்தது. கடல் தாண்டி வந்த கிழங்கு தங்கியது, பெண்கள் சமைத்ததால். இங்கேயே பிறந்த சாமை போனது, சமைப்பதை நாம் விட்டதால். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் நம்ம மலைக் குழுக்களுக்குத் தவிடு நீக்கும் எந்திரம் வந்தபின், உரல் வேலையைக் காரணம் சொல்ல முடியாது.

இப்போது என் கிழங்குச் சட்டியில், நெய்க்கு மேலே முதலில் குழைய வெந்த சாமைச் சோறு ஒரு அடுக்கு. அதன் மேல்தான் கிழங்கு. நீங்களும் செய்து பாருங்கள். செய்வதற்கு முன்னால், விதைக்கு ஒரு படி எடுத்து வைத்துவிடுங்கள்.