மெனு கார்டுக்குப் பின்னால் ஒரு சரித்திரம்

நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து சென்னைக்குச் சுமார் 200 கிலோமீட்டர். இன்டர்வியூ, ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி என்று ஏதோ ஒரு வேலையாகப் போய் இறங்குபவர்களுக்கு, வேலைக்கு அடுத்தபடியாக மனதில் ஓடும் கேள்வி ஒன்றுதான். எங்கே, என்ன சாப்பிடுவது? இதற்கு ஆளுக்கொரு லிஸ்ட் வைத்திருப்பார்கள். அந்த லிஸ்டில் உள்ள ஹோட்டல்களுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கதை தெரிந்தால் ஆர்டர் செய்வதும் சுலபம்!

சுமார் நூறு வருடங்களுக்கு முன்பு, காசு கொடுத்து வெளியே சாப்பிடுவதைப் பலர் கௌரவமாக நினைக்கவில்லை. யார் சமைத்தது, பக்கத்தில் உட்காருபவர் எந்த ஜாதி என்ற கேள்விகள்தான் காரணம். ரயிலும் ஆபீஸ் உத்தியோகமும் பெருகியபோது வீட்டுக்கு வெளியே சாப்பிட்டே ஆக வேண்டிய நிலை வந்தது. ஊருக்கு ஊர் காபி கிளப்புகள் முளைத்தன. பல கடைகளின் போர்டில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்தது. பிராமணர் அல்லாதவர்களுக்குத் தனி இடம் ஒதுக்கிய கடைகள் உண்டு. தலித் மக்களை உள்ளேயே விடாத கடைகள் ஏராளம். ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்களில்கூட ஜாதி பார்த்துத் தனித்தனி இடம் இருந்தது. எதிர்ப்பு வலுத்த பிறகு, 1941-ல்தான் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது.

இந்தக் காலத்தில்தான் உடுப்பிப் பக்கத்திலிருந்து கிருஷ்ணராவ் என்ற இளைஞர் சென்னைக்கு வந்தார். சமையல்கட்டு எடுபிடியாக ஆரம்பித்து, மவுண்ட் ரோட்டில் சொந்த ஹோட்டல் வைத்து, 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கினார். மசாலா தோசையைச் சென்னையில் பிரபலமாக்கியவர் என்று அவரைச் சொல்வார்கள். கதீட்ரல் ரோட்டில் 1962-ல் வந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், காரில் உட்கார்ந்தபடியே டிபன் சாப்பிட வைத்த இடம். அது 2008-ல் மூடப்பட்டது. இன்று அங்கே செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

தோசை ஆர்டர் செய்பவர்களுக்கு ஒரு டிப்ஸ். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டால் ரவா தோசை பக்கமே போகாதீர்கள். நீர்க்கக் கரைத்த மாவைக் கல்லில் தெளித்து நிதானமாக முறுக விட வேண்டும், அவசரப்படுத்தினால் வேகாமல் வரும். இட்லி, பொங்கல் என்றால் தயாராக இருக்கும். மதிய நேரத்தில் பல ஹோட்டல்களில் தோசைக்கல்லுக்கு லீவு, மீல்ஸ் மட்டும்தான். கேட்டுவிட்டு உட்காருங்கள்.

அடுத்து திருவல்லிக்கேணி ரத்னா கபே, 1948-ல் தொடங்கியது. இங்கே சாம்பார் இட்லி என்றால் இட்லிக்குச் சாம்பார் தொட்டுக்கொள்வது இல்லை, சாம்பாரில் இட்லி குளிப்பது! முதலில் ஒரு பிளேட் மட்டும் சொல்லுங்கள். இட்லி சாம்பாரை இழுத்துக்கொண்டதும் கூச்சப்படாமல் மறுபடி சாம்பார் கேளுங்கள், ஊற்றுவார்கள். காபியை இட்லியோடு சேர்த்துச் சொல்ல வேண்டாம், இட்லி முடிவதற்குள் ஆறிவிடும். பாதி முடிந்ததும் சொல்லுங்கள். டிகாக்ஷன் தூக்கலா, சர்க்கரை கம்மியா என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அசைவப் பிரியர்களுக்கு மவுண்ட் ரோடு புஹாரி. ஏ.எம்.புஹாரி 1951-ல் ஆரம்பித்தது. சிக்கன் 65 என்ற பெயருக்கு 65 மிளகாய், 65 நாள் கோழி என்று ஆளுக்கொரு கதை விடுவார்கள். ஹோட்டல்காரர்கள் சொல்வது எளிமையானது: 1965-ல் மெனுவில் சேர்ந்ததால் 65. பிறகு வந்த சிக்கன் 78, 82, 90 எல்லாமும் அப்படியே. பிரியாணிக்கு இரண்டு பேர் சேர்ந்து ஒரு 65 போதும். எலும்போடா, எலும்பில்லாமலா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, இந்த மேஜைகளில் எல்லோரும் உட்கார முடிந்தது எப்போது? 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஜாதி மதம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று எழுதியே வைத்தது. 1955-ல் தீண்டாமை குற்றங்கள் சட்டம் தண்டனையைச் சேர்த்தது. ஆனாலும் போர்டுகள் அப்படியே இருந்தன. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் திராவிடர் கழகத்தினர் மறியல் தொடங்கினார்கள். கேட்டது ஒன்றுதான், 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் நடந்தது. நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அடுத்த வருடம் அந்தச் சொல் போர்டிலிருந்து போனது.

அதே காலத்தில்தான் நெய்வேலியில் வேறொரு விதமான ஊர் எழும்பிக்கொண்டிருந்தது. 1956-ல் நிலக்கரி நிறுவனம் பதிவானது, 1957-ல் சுரங்கம் தோண்டும் வேலை ஆரம்பமானது, 1962-ல் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் கேன்டீன் வைக்கச் சொல்லியிருந்தது. பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஷிப்ட் நேரத்தில் பசியோடு வந்து நிற்கும் இடம் கேன்டீன். அங்கே தட்டும் டம்ளரும் ஜாதிக்கு ஏற்றபடி இரண்டு வகையாக இருந்தால் ஷிப்டே ஓடாது.

ஆனால் எல்லா ஊரும் அப்படி மாறிவிடவில்லை. சட்டம் வந்து பல வருடங்கள் ஆன பிறகும் எத்தனையோ கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் முறை தொடர்ந்தது. ஒரு டம்ளர் டீயை எதில் குடிப்பது என்பதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு.

ஆகவே கடைசி டிப்ஸ் இது. மதியக் கூட்டத்தில் உங்கள் மேஜையில் ஒரு நாற்காலி காலியாக இருந்து, முன்பின் தெரியாத ஒருவர் வந்து உட்கார்ந்தால் முகம் சுளிக்காதீர்கள். உங்கள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சாம்பார் வாளியை அவர் பக்கமும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த நாற்காலியில் அவர் யாரிடமும் பதில் சொல்லாமல் உட்காருவதற்கு எத்தனையோ பேர் ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது.