தேக்கு என்னும் பெயர்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான் விற்கும் கடைகள் வரிசையாக உண்டு. அங்கே ஒரு பெட்டகத்தையோ மேசையையோ தொட்டுப் பார்த்தால், “பர்மா தேக்குங்க” என்றுதான் பேச்சு தொடங்கும். விலையும் அந்தப் பெயரிலிருந்தே தொடங்கும். ‘தேக்கு’ என்பது மரம். ‘பர்மா’ என்பது அது வந்த வழி. மரத்தைக் கண்ணாலும் கையாலும் சரிபார்த்துவிடலாம். வந்த வழியை மரம் எளிதில் காட்டிக்கொடுக்காது.

தேக்கு பழைய திராவிடச் சொல். தமிழிலும் மலையாளத்திலும் தேக்கு, கன்னடத்தில் தேகு, தெலுங்கில் டேகு, துளுவில் தேக்கி. அகநானூற்றில், புல்லி என்னும் தலைவனின் நாட்டு ஆயர்கள் மூங்கில் குழாயில் கொண்டுபோன புளிச்சோற்றைத் தேக்கிலையில் வைத்து வழிப்போக்கர்க்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். வடக்கே இதே மரத்துக்கு வேறு வேர்ச்சொல்: சமஸ்கிருதத்தில் சாகம், மராத்தியில் சாக். அரபியர் அந்தச் சொல்லை ‘சாஜ்’ என்று எடுத்துக்கொண்டார்கள். மலபார் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் காதில் விழுந்ததோ நம் சொல். அது அவர்களிடம் ‘தெக்கா’ ஆயிற்று, ஆங்கிலத்தில் ‘டீக்’ ஆயிற்று. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் தாவர நூல் இந்த மரத்தைத் ‘தேக்கா’ என்றே பதிவு செய்தது. இன்றைய அறிவியல் பெயர் ‘டெக்டோனா கிராண்டிஸ்’.

‘பர்மா’ என்ற முன்னொட்டு மிகவும் பிந்தியது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் அங்கே பெருமளவில் வட்டித்தொழில் நடத்தினார்கள். ரங்கூனிலிருந்தும் மோல்மீனிலிருந்தும் கப்பலேறிய மரம் செட்டிநாட்டு வீடுகளுக்குத் தூணாகவும் நிலையாகவும் வந்தது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்போடு அந்த வாழ்வு முறிந்தது. 2014 ஏப்ரல் முதல் மியன்மார் அறுக்காத மரத்தடிகளின் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கிடைப்பது அரிதாக அரிதாகப் பெயருக்கு மதிப்பு ஏறியது. ஆனால் பர்மாக் காட்டில் வளர்ந்ததும், 1840களில் ஆங்கிலேயர் தோட்டமிட்ட கேரளத்து நிலம்பூரில் வளர்ந்ததும் ஒரே இனம். மெதுவாக வளர்ந்த காட்டு மரத்தில் ஆண்டு வளையங்கள் நெருங்கி இருக்கும். அவசரமாக வளர்ந்த தோட்ட மரத்தில் அகன்று இருக்கும். பெயரைக் கேட்பதைவிட அந்த நெருக்கத்தைப் பார்ப்பது மேல்.

அதை முகப்பில் பார்க்க முடியாது. அரக்கு பாலிஷும் சாயமும் எல்லா மரத்தையும் ஒரே நிறமாக்கிவிடும். இழுப்பறையை முழுதாக உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். பலகையின் வெட்டுமுனையில் ஊசிக்கண் போன்ற துளைகள் வளையத்துக்கு வளையம் வரிசைகட்டி நின்றால் தேக்கு. தொட்டால் மெல்லிய எண்ணெய்ப்பசை; நகத்தால் சுரண்டினால் பழைய தோல் வாசனை. துளைகள் வரிசையில்லாமல் சிதறிக் கிடந்து, மஞ்சள் முதிர்ந்து பழுப்பான நிறமாக இருந்தால் பலாவாக இருக்கலாம். கருஞ்சிவப்பில் கரிய கோடுகள் ஓடி, தூக்கும்போது கை கனத்தால் ஈட்டி. தோதகத்தி என்பதும் அதுதான்.

அடுத்து முதுகுப் பலகை. தச்சர் நல்ல மரத்தை முகப்புக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை முதுகில் அடிப்பது வழக்கம். அங்கே வைரம் பாய்ந்த உள்மரம் எவ்வளவு, வெளிறு என்னும் புறமரம் எவ்வளவு என்று பாருங்கள். வெளிறில்தான் உளு முதலில் விழும். இழைப்புளி படாத இடத்தில் வாய்ச்சி கொத்திய பள்ளங்களும் கைவாளின் நேர்க்கோடுகளும் தெரிந்தால் கைவேலை. வளைவு வளைவாகக் கீறல் இருந்தால் வட்ட ரம்பம் அறுத்த பலகை. பின்னாளில் மாற்றியதாகவும் இருக்கலாம்.

மரம் தேக்கு என்று தெரிந்துவிட்டதாலேயே மதிப்பும் தெரிந்துவிடாது. எனக்கு வருத்தம் தருவது, நாட்டுச் சாமானைக் கன அடிக் கணக்கில் பேசுவது. அப்படிப் பேசினால் ஒரு கணக்குப்பிள்ளைப் பெட்டியும் ஒரு விட்டத் துண்டும் ஒன்றாகிவிடும். ஒட்டில்லாத ஒற்றைப் பலகையில் செய்த மூடி, ஆணியில்லாமல் கழுந்தும் துளையுமாய் இறுகிய மூட்டு, மாற்றாத பித்தளைக் கொண்டி, சுரண்டாத பழைய மெருகு ஆகியவைதான் விலையைத் தீர்மானிக்க வேண்டும். பலா மரத்தில் செய்த நெல் பத்தாயங்களும் பெட்டிகளும் ‘தேக்கு இல்லை’ என்ற ஒரே காரணத்துக்காகப் பிரிக்கப்பட்டு விறகுக்கடைக்குப் போகின்றன. வீணைக்கு ஏற்ற மரம் என்று கைவினைஞர் தேடிப்போகும் அதே பலாதான் அது. அந்தப் பெட்டிகளில் மூட்டு கெட்டியாக இருக்கிறதா, பலகை முழுசாக இருக்கிறதா என்று பார்த்து, தேக்குக்குக் கொடுக்கும் மரியாதையோடு விலை பேசி வாங்குங்கள். வாங்கிய கையோடு பாலிஷ்காரரைக் கூப்பிட வேண்டாம். ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டாலே போதும்.